கம்பில் ஒட்டியிருந்த சேறு

தம்பி,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன், முட்டிவலி பரவாயில்லை என்று போனில் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். நீ கேட்டது இரண்டே விஷயம். ரோட்டோர வயலை வாங்க ஆள் வந்திருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் பத்திரத்தை முடித்துவிடலாம், நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒன்று. கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, கிளப்பில் நான் சொன்ன கதையை நித்யா வீட்டாருக்கும் உன் சிநேகிதர்களுக்கும் சொல்லப் போகிறேன், சம்மதமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, நடுவில் போன் போடாதே.

பெங்களூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ என்னை கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தப் புல்லைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். யாரும் அறுக்காத பயிருக்கு இவ்வளவு தண்ணீரா, இதுவும் எங்கள் காவிரித் தண்ணீர்தானே என்று கேட்டேன். நீ சிரித்து மழுப்பினாய். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் குழலை எடுத்து என் கையில் கொடுத்தாய். குழியில் நிற்கிற கொடிக்கம்பை இதன் வழியாகப் பார்க்க வேண்டும், கம்பின் அடியை உள்ளே தெரிகிற கீழ்க்கோட்டில் வைக்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உச்சி எந்த எண்ணில் முட்டுகிறது என்று பார்த்து நான் தூரத்தைச் சொல்லிவிட்டேன். கஜக்கணக்கில் சொன்னேன். “உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று நீ கேட்டபோது உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் தலைகால் புரியவில்லை. கிளப்பில் காபி சாப்பிடும்போது உன் சிநேகிதர்கள் நடுவில் உட்கார்ந்து, உன் மாமா கொடுத்த இதே மாதிரிக் குழலை வைத்து, காலில் சேறு படாமல் வாய்க்கால் கரையில் நின்றபடியே வயலை அளந்து பாதியாகப் பிரித்த கதையைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். உன் மேலதிகாரி எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் கையை நீட்டினேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? பயிற்சிக்கு என்று ஓரமாக ஒரு குழி வைத்திருந்தார்களே, அங்கே போய் நீ குழல் வழியாகப் பார்த்துப் பந்தை அடித்தாய். பந்து கொடியைத் தாண்டிப் போய்ப் புதரில் விழுந்தது. உனக்குக் கோபம். பிறகு கொடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். “கொடி குட்டைம்மா. கம்பு குட்டையா இருந்தா தூரத்தக் கூட்டித்தான் காட்டும்” என்றாய். கம்பு இத்தனை உயரம் என்று நம்பித்தான் அந்தக் குழலைச் செய்திருக்கிறார்கள், உயரம் குறைந்தால் அதற்கு வேறு வழி தெரியாது என்று விளக்கமாகவும் சொன்னாய். நான் முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி எழுந்து போனேன். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய். வெயிலெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா, பூதலூர் வெயிலில் வளர்ந்தவள் நான். நீ சொன்னதை உன் மாமா எனக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார். அது தெரிந்துதான் நான் அன்று வாயை மூடிக்கொண்டேன். அந்த ‘அன்று’ எது என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா போனபோது நீ தொட்டிலில் இருந்தாய். அது உனக்குத் தெரியும். நம் பக்கத்தில் அப்போது நிலத்தை வைத்து என்ன கொந்தளிப்பு இருந்தது என்பது உனக்குத் தெரியாது. ஊருக்கு ஊர் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியிருந்தது. கூலிக்கும் குத்தகைக்கும் கூட்டம், ஊர்வலம், கைகலப்பு. புது ஆட்சி வந்து சட்டம் மேல் சட்டம் போட்டுக்கொண்டிருந்தது. குத்தகைக்காரரை இனிமேல் சும்மா வெளியேற்ற முடியாது. பல வீடுகளில், ‘நிலத்தில் பாதியை நீயே எடுத்துக்கொள், மீதியில் உரிமை கேட்காதே’ என்று பேசி முடித்தார்கள். நம் வாய்க்கால் கரை வயலை மாரிமுத்து என்பவர் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். உன் பெரியப்பா அவரை அடித்து விரட்டிவிடலாம் என்றார். பெண்பிள்ளையால் இதெல்லாம் முடியாது, நிலத்தை என் பொறுப்பில் விடு என்றும் சொன்னார். அவர் கையில் விட்டால் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அதனால் நானே மாரிமுத்துவைக் கூப்பிட்டுப் பேசினேன். வாய்க்கால் பக்கத்துப் பாதி அவருக்கு, ரோட்டோரத்துப் பாதி நமக்கு என்று முடிவாயிற்று. நான் செய்த நல்ல காரியம் அதோடு முடிந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைவிட வயதில் மிகவும் பெரியவர், ஆனாலும் நான் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். இன்றைக்கு எழுதும்போது மட்டும் ‘அவர்’ என்று வருகிறது.

பிரிக்க வேண்டிய நேரத்தில் நடவு முடிந்திருந்தது. அறுவடைக்கு முன்னால் எல்லைக்கல் நட்டுவிட வேண்டும் என்று மாரிமுத்துவின் சங்கத்து ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். நிலம் அளக்கிற சங்கிலியை இழுத்துக்கொண்டு நாலு பேர் வயலில் இறங்கினால் நட்ட நாற்று போய்விடும். ஒரு பக்கத்து வரப்பு உன் பெரியப்பாவுடையது, கொடி பிடித்தவன் எவனும் அதில் கால் வைக்கக் கூடாது என்று அவர் ஆளை நிறுத்தியிருந்தார். மறுபக்கம் வடிகால், கரை இடிந்து கிடந்தது. இதெல்லாம் போதாதென்று இன்னொரு தடையும் இருந்தது. புருஷனை இழந்தவள் நட்ட வயலில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் விளைச்சல் போய்விடும் என்று நம் பக்கத்துப் பெண்கள் நம்பினார்கள். நடவாட்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். ரோட்டுப் பக்கம் போய் டீக்கடை முன்னால் நிற்கவும் எனக்கு அனுமதி இல்லை. அப்போதுதான் உன் மாமா நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். அங்கே துரைமார் விட்டுப்போன பழக்கத்தில் இவரும் கோல்ஃப் ஆடக் கற்றிருந்தார். அந்தக் குழலை என்னிடம் கொடுத்து, கொடிக்கம்பு உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, உச்சியில் சிவப்புத் துணி கட்டி, நம் வீட்டுக் கொல்லையில் நிறுத்திப் பழக்கினார். காய்ந்த தரையில் நான் சொன்ன தூரமும் அவர் நாடாவைப் பிடித்து அளந்த தூரமும் ஒன்றாக இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். எங்கேயும் போகக்கூடாது என்று உட்கார வைத்த ஒருத்திக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வயலின் மறுகோடிக்குப் போகிற வழி கிடைத்திருந்தது.

பிரிக்கிற அன்றைக்கு மாமா மலைக்குத் திரும்பிவிட்டிருந்தார். பாதி எத்தனை கஜம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். காலையில் வீட்டுக் கொல்லை வழியாக வாய்க்கால் கரைக்கு வந்து நின்றேன். உன் பெரியப்பா ஒரு பக்கம், சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், நடவுப் பெண்கள் கொஞ்சம் தள்ளி. ஒரு பெண் என்ன செய்துவிடப் போகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மாரிமுத்து வயலில் இறங்கினார், நாற்று நசுங்காமல் வரிசைக்கு நடுவில் கால் வைத்து நடந்தார். “நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா, நான் ஊணுறேன்” என்றார். நான் கையைக் காட்டக் காட்ட அவர் பின்னால் போய்ப் போய் ஊன்றினார். காற்று அடித்துக்கொண்டிருந்தது, கம்பு சாயாமல் இருக்க ஒவ்வொரு முறையும் அழுத்தி ஊன்றினார். குழலுக்குள் அவரும் கம்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தார்கள். கரையில் நின்றபோது கம்பு அவர் தலைக்கு மேல் எவ்வளவு நின்றதோ அவ்வளவே அங்கேயும் நின்றது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாமா சொன்ன எண்ணில் சிவப்புத் துணி முட்டியதும் கையை உயர்த்தினேன். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். உன் பெரியப்பா வாயடைத்து நின்றார். சங்கத்து ஆட்களில் ஒருவர், “பரவாயில்லையே, அம்மா ஆபீசர் மாதிரி அளந்துட்டாங்க” என்றார். இதுவரைக்கும் நீ கேட்ட கதை. இதுவரைக்கும்தான் நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மாரிமுத்து கரையேறி வந்தபோது அவர் முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. கையில் இருந்த மூங்கிலிலும் அடியிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் அதே சேறு. அவர் புதைந்த அளவுக்குக் கம்பும் புதைந்திருக்கிறது, அதனால்தான் குழலுக்குள் வித்தியாசம் தெரியவில்லை. கம்பு குட்டையாகிவிட்டது, குழல் தூரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. குச்சி நிற்கிற இடம் பாதி இல்லை, பாதிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, மாரிமுத்துவின் பங்கில் ஒரு நீளத் துண்டு நம் பக்கம் வந்துவிட்டது. எனக்கு இதெல்லாம் அந்தக் கம்பைப் பார்த்த உடனே தெரிந்தது, தம்பி. பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று எழுதிவிடலாமா என்று கூட இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போது நினைத்தேன். அப்போதே தெரிந்தது. கம்பு முழுசாக வெளியில் தெரிய வேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததும் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்பாகிவிட்டது, ஒரு பலகையை அடியில் வைத்து மறுபடி அளக்கலாம் என்று சொன்னால் அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்குக் கேட்டது. ஆபீசர் என்று இப்போதுதான் சொல்லியிருந்தார்கள். நான் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் மாரிமுத்து வாய்க்காலில் குனிந்து, எனக்குச் சேறு பட்டுவிடக் கூடாது என்று அந்தக் கம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சுத்தமாகக் கழுவி, இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அறுவடை ஆகட்டும், தரை காய்ந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கல் நட்டாகிவிட்டது, கல்லை வைத்துப் பத்திரமும் எழுதியாகிவிட்டது. பிறகு உனக்குக் காய்ச்சல், பிறகு உன் பள்ளிக்கூடம், இப்படிச் சொல்ல முடியாமல் போனதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. ஒரு கட்டத்தில் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். வேடிக்கையான கதையாகச் சொல்லத் தொடங்கிய பிறகு, அதில் சேறு இருந்ததே எனக்குப் பாதி மறந்துபோயிற்று. நீ ஒரு தடவை பக்கத்துப் பெஞ்சுப் பையனின் கலர் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய் என்று, மழையில் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலில் நிறுத்தித் திருப்பிக் கொடுக்க வைத்தேன். நீ அழுதாய். ‘எங்க அம்மாகிட்ட எதுவும் மறைக்க முடியாது, அவ்வளவு கறார்’ என்று கிளப்பில் அதையும் பெருமையாகச் சொன்னாயே, அதையும் நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மழை நாளில் நாம் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட சோறு அந்தத் துண்டில் விளைந்ததாக இருக்கலாம்.

பெங்களூரிலிருந்து திரும்பியதும் நேராக மாரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது உனக்குத் தெரியும். நீ கூடத் துக்கம் கேட்க வரவில்லை என்று நான் குறைப்பட்டேன். அவர் மகள் வசந்தாதான் இப்போது அந்த வயலைப் பார்த்துக்கொள்கிறாள். வாசலில் தார்ப்பாயை விரித்துப் போன போகத்து நெல்லைக் காலால் தள்ளிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காருங்கம்மா என்று நாற்காலியைப் போட்டாள். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பில் இருந்த சேற்றை நான் பார்த்ததையும் சொன்னேன். அவள் நெல்லைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. தார்ப்பாயின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் சொன்னதை அப்படியே உனக்கு எழுத வேண்டும். “எங்களுக்கு எப்பவும் உங்க பாதிய விடக் கொறச்சலாத்தாம்மா வெளஞ்சுது. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. அப்பாவுக்குப் பாடுபட ஒடம்பு வணங்கலன்னு ஊர்ல பேசுனாங்க. எங்க அம்மாவே பேசுச்சு. அப்பாவும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு எருவக் கொட்டுனாரு, இன்னும் வெள்ளன எந்திரிச்சுப் போனாரு” என்றாள். அவள் சித்தப்பா, அதாவது மாரிமுத்துவின் தம்பி, வேறு மாதிரி சொன்னாராம். தாலி அறுத்தவள் நட்ட வயலைக் குழல் வைத்துப் பார்த்தாளே, அதனால்தான் விளையவில்லை என்றாராம். “அந்தப் பேச்ச மட்டும் அப்பா பொறுக்க மாட்டாரு. அந்தம்மா நம்மள ஏமாத்தாம பாதிய எடுத்துக் குடுத்தவங்க, அவங்கள ஒரு வார்த்த சொல்லாதன்னு சண்ட போட்டாரு. அதோட சித்தப்பா வீட்டுக்குப் போக்குவரத்து இல்ல. அப்பா செத்தப்பத்தான் சித்தப்பா எங்க வாசல மிதிச்சாரு.”

நான் அழுதேன் என்று எழுதினால் உனக்கு என் மேல் இரக்கம் வரும், அது வேண்டாம். அழுதேன்தான், ஆனால் அவள் என்னைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. ஊர் முழுவதும் என்னைப் பற்றிக் கேவலமாகப் பேசிய காலத்தில் எனக்காக வாதாட ஒருத்தர் இருந்திருக்கிறார், அதற்காகக் கூடப் பிறந்தவனை இழந்திருக்கிறார், அவரைத்தான் நான் ஏமாற்றியிருக்கிறேன். அந்தத் துண்டை அளந்து திருப்பித் தந்துவிடுகிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன். “நெலத்தக் குடுங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்கப்பாவ சோம்பேறின்னு சொன்ன ஊரு இருக்கே, அதுக்கு நடுவுல நின்னு நீங்க சொல்லணும்மா. எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதனால் கையெழுத்துக்கு என் பதில் இது. ரோட்டோர வயலை இப்போது விற்கக் கூடாது. மனை போட்டு ஆளாளுக்கு வாங்கிவிட்டால் வசந்தாவின் துண்டு யார் வீட்டு அடுப்பங்கரையிலோ போய்விடும். சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்து, கல்லைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டு, அவள் பேருக்கு எழுதிக் கொடுத்த பிறகு மீதியை நீ என்ன செய்தாலும் நான் தடுக்க மாட்டேன். அதற்கு நீ இரண்டு நாள் லீவு போட்டு வர வேண்டும். இப்போதும் நடவு முடிந்து தண்ணீர் கட்டித்தான் இருக்கிறது, நாற்று கொஞ்சம் வீணாகும், அதை நாம் ஏற்றுக்கொள்ளலாம். சங்கிலியின் ஒரு முனையை நீ பிடி. நானும் இறங்கப் போகிறேன். முட்டி என்ன ஆகும் என்று கேட்காதே, வசந்தா கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நித்யாவையும் முடிந்தால் கூட்டிக்கொண்டு வா. அவளிடம் இந்தக் கடிதத்தை முழுசாகக் காட்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் தன் மாமியாரைத் தெரிந்துகொள்ளட்டும். உங்களுக்குள்ளும் இப்படி ஏதாவது ஒன்று வரும். ஒரு தப்பு உன் கண்ணில் பட்ட அதே நிமிஷத்தில் அசடு வழியச் சொல்லிவிடு. நாளைக்கு என்று தள்ளினால் அந்த நாளை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பதை நான் இப்போதுதான் பார்த்தேன்.

இனி வரவேற்புக்கு வருகிறேன். கதையைச் சொல்லக் கூடாது என்று தடுக்கத்தான் முதலில் நினைத்தேன். இப்போது நீ கட்டாயம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். வசந்தாவுக்கும் அவள் சித்தப்பாவுக்கும் ஊரில் எல்லோருக்கும் நானே போய்ப் பத்திரிகை வைத்துவிட்டேன், முன்வரிசையில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மலையிலிருந்து வந்த குழல், சிவப்புத் துணி, பெரியப்பா வாயடைத்து நின்றது, எல்லாவற்றையும் நீ சொல்கிற மாதிரி சிரிக்கச் சிரிக்கச் சொல். ஆபீசர் என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். அங்கே நிறுத்தாதே. நான் உன் பக்கத்தில் வந்து நிற்பேன், மைக்கை என்னிடம் கொடு. மாரிமுத்து கரையேறி வந்ததையும், கம்பில் இருந்ததையும், அதை அவர் கழுவிக் கொடுத்ததையும், நான் வாங்கிக்கொண்டதையும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா